மின்விசிறி யாருக்காகச் சுற்றுகிறது?

குட்டீஸ்... காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்ததும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்களே... அறையில் மின்விசிறியை நிறுத்தினீர்களா?

சாதாரண மின்விசிறி, 75 வாட் மின்சாரம் எடுக்கும். வீட்டில் யாரும் இல்லாமல், நீங்கள் திரும்பி வரும் வரை, 8 மணி நேரம் சும்மா சுற்றினால், 600 வாட் மணி. ஆயிரம் வாட் மணி சேர்ந்தால், ஒரு யூனிட். ஆக, ஒரே நாளில் அரை யூனிட்டுக்கும் மேல் வீண்!

தினமும் மறந்தால், 50 பள்ளி நாட்களில், 30 யூனிட் போய்விடும். அந்த 30 யூனிட் இருந்தால், 9 வாட் எல்.இ.டி., பல்பை தினமும் 4 மணி நேரம் எரியவிட்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் படிக்கலாம். நம்மூர் மின் கட்டணத்தில், பயன்பாடு கூடக் கூட, யூனிட்டின் விலையும் ஏறும். அதனால், கடைசியில் வீணாகும் யூனிட்டுக்குத் தான் விலை அதிகம்.

இன்றே, மின் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். மீட்டரைத் தொடக் கூடாது, பார்த்தால் போதும். வாரம் முடிந்ததும் மீண்டும் குறியுங்கள். அடுத்த வாரம், அறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம், சுவிட்சை அணைத்து விட்டுக் கணக்குப் பாருங்கள்.

மிச்சமாகும் பணத்தில் பாதியை, உங்கள் உண்டியலுக்குக் கேளுங்கள். நியாயமான கூலி தானே!