உழைக்கும் உடலுக்கு உடற்பயிற்சி எதற்கு?

உடற்பயிற்சி என்று கிராமத்துக் கூட்டங்களில் பேச்செடுத்தால் முதலில் எழுவது சிரிப்புத்தான். "விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறும்வரை கரைவலை இழுக்கிறவனுக்கு இன்னும் என்ன பயிற்சி?" என்று ஆண்கள் கேட்பார்கள். தண்ணீர் அள்ளி, விறகு கொத்தி, கருவாடு காயவைத்து, பிள்ளைகளையும் மாமியாரையும் பார்க்கும் பெண்களோ கேட்கவும் மாட்டார்கள். அடுப்பில் உலை இருக்கும், எழுந்து போய்விடுவார்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த கிராமங்களில் உடற்பயிற்சி என்பது பட்டணத்து உத்தியோகத்தருக்கு உரிய ஒன்று.

அந்தச் சிரிப்பில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 2021இல் வெளியாயிற்று. ஓய்வு நேரத்தில் நடப்பவர்களுக்கும் விளையாடுபவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக இருந்தன. தொழிலில் உடலைக் கடுமையாக வருத்துபவர்களுக்கோ அவை கூடுதலாக இருந்தன. ஆய்வாளர் தரும் விளக்கம் எமது கடற்கரைக்கும் பொருந்தும். பாரவேலையில் இரத்த அழுத்தம் மணிக்கணக்காக உயர்ந்தே நிற்கிறது. களைத்தவுடன் நிறுத்தும் சுதந்திரம் தொழிலாளிக்கு இல்லை. உடல் ஆறுவதற்குப் போதிய நேரமும் கிடைப்பதில்லை.

கரைவலை இழுப்பவரைப் பாருங்கள். உடலைச் சாய்த்து, ஒரே விதமாக, ஆண்டுக்கணக்காக இழுக்கிறார். நாற்பது வயதில் நாரி நோவு. தோள் தூக்க முடியாது. இரவில் தூக்கமில்லை. பட்ட கடன் வேறு. வலை இழுக்கும் உடலும் கடனை எண்ணும் மனமும் ஒரே ஆளிடம்தானே இருக்கின்றன! அந்தப் பாரத்தை இறக்கப் பலர் நாடுவது சாராயத்தை. அது இரவைக் கடத்தும். மறுநாள் காலையைக் கெடுக்கும்.

இன்னொரு மாற்றத்தை நாம் கவனிக்கத் தவறுகிறோம். உழைப்பே குறைந்துவருகிறது. துடுப்பு வலித்த இடத்தில் இயந்திரம் வந்தது. சில கரைகளில் வலையை இழுக்க உழவு இயந்திரத்தில் பூட்டிய விஞ்ச் வந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் படகுத்துறைக்கு நடந்து காத்து நின்ற காலம் போயிற்று. நல்லதுதான், நோயாளியை ஏற்றிக்கொண்டு துறையில் தவித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் சந்திக்கடைக்கும் முச்சக்கரவண்டியில் போகும் வழக்கம் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. 2022இல் பெற்றோல் இல்லாமற் போனபோது பலர் பழைய துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடித்தார்கள். பெற்றோல் வந்ததும் வண்டி மறுபடி தாழ்வாரத்துக்குப் போயிற்று. நடை குறைந்தது, சோற்றுக் கோப்பை குறையவில்லை. நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி. சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு வந்ததில் வியப்பென்ன?

நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துப் பயன்படுத்துகின்றன. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வளர்ந்தவருக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலசைவு. நாளுக்கு அரைமணி, ஐந்து நாள். பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடலை விட மனதைப் பற்றியே எமக்குக் கவலை அதிகம். முப்பதாண்டுப் போர், 2004 மார்கழி 26இன் கடல்கோள், இடம்பெயர்வு, காணாமற்போனவர்களுக்கான காத்திருப்பு ஆகியவற்றைச் சுமந்தவர்கள் எமது அயலவர்கள். நெஞ்சு படபடப்பு, தலையிடி, உடம்பு எரிவு என்று மருந்தகம் மருந்தகமாக அலைபவர் பலர். திருவிவிலியத்தில் இறைவாக்கினர் எலியா சாவை வேண்டிச் செடியடியில் படுத்துவிடுகிறார். வானதூதர் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தூங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, பின்பு நீண்ட நடைக்கு அனுப்புகிறார். நாற்பது நாள் நடை! உளவளத்துணை படிப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1993இல் 'மனவடு' என்ற நூலைத் தந்தவர். மக்களுக்கு ஏற்கெனவே பழகிய வழிபாட்டு முறைகளையே மனத்தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தலாம் என்று அவர் காட்டினார். நான்கு சமயத்தவரும் வாழும் எமது மாவட்டத்துக்கு இது பெரிய வசதி. இந்துக்களுக்கு நமசிவாய, முஸ்லிம்களுக்கு திக்ர், பௌத்தர்களுக்கு ஆனாபானசதி, எமக்குச் செபமாலை. செய்முறை எளிது. நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு எண்ணும் அளவு மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல விட்டு, ஒவ்வொரு மூச்சோடும் பழகிய சொல்லை மனதில் சொல்வது. பத்து நிமிடம் போதும்.

விளையாட்டு திருகோணமலைக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தவரான இயேசு சபைக் குரு யூஜின் ஹேபேர்ட் அடிகளார், இங்கு புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆவணி 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் அவரும் உடன்சென்ற இளைஞரும் காணாமற் போனார்கள். அவரிடம் பழகிய மாணவர்கள் பந்தை மறக்கவில்லை. ஆனால் பந்து பாடசாலைப் பையன்களோடு நின்றுவிட்டது. அவர்களின் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் என்ன இருந்தது?

இங்கேதான் பிரச்சினை. பட்டணத்தில் மாலையானால் டச்சுக்குடாக் கரையில் குடும்பங்கள் உலாவுகின்றன. பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை மான்கள் நிற்கும் ஏற்றப் பாதையில் பெண்களும் தயக்கமின்றி நடக்கிறார்கள். கிராமத்தில் அப்படியல்ல. ஒழுங்கை விளக்கு எரியாது, நாய்கள் துரத்தும், அவற்றைவிடப் பெரிய தடை வாய்கள். கணவனை இழந்த ஒருத்தி கையில் பையோ குடமோ இல்லாமல் தெருவில் நடந்தால், "எங்கே போகிறாள்?" என்ற கேள்வி வேலிக்கு வேலி தாவும். காரணம் காட்ட ஒரு வெறும் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய நிலை! வீட்டிலும் "வேலையில்லாமல் உலாத்துகிறாய்" என்ற பேச்சு. ஆண்களுக்கு ஒரு வார்த்தை: மனைவி நடக்கும் அந்த அரைமணி நேரம் பிள்ளையைப் பார்ப்பதும் ஒரு நல்ல உடற்பயிற்சிதான்.

ஆகவே தனியாக நடக்கச் சொல்வதை விட்டு, மாதர் சங்கமும் அன்பியமும் இதைச் சங்க வேலையாக எடுக்கலாம் என்று கருதுகிறோம். நாலைந்து பேர் சேர்ந்தால் நாயும் அடங்கும், வாயும் அடங்கும். நடக்கும்போது கதைக்கிற கதைகள் கூட்டத்தில் வெளிவராதவை. பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

சில எச்சரிக்கைகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நடுப்பகல் வேண்டாம். விடியற்காலை அல்லது பொழுதுசாயும் நேரம் நல்லது. சீனி வருத்தக்காரர் சுடுமணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் காயம் தெரியாது. இரவில் பாதங்களைப் பார்த்துவிட்டுப் படுக்கவும். ஊசியோ குளிசையோ எடுப்பவர் மடியில் ஒரு இனிப்பு வைத்திருக்கவும். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்று வைத்தியசாலைக்குப் போகவும். வலை இழுப்பவர்கள் தொழில் முடிந்ததும் ஐந்து நிமிடம் தோளையும் நாரியையும் மறுபக்கமாக வளைத்து நிமிர்த்தினால் நோவு குறையும்.

நடையால் எல்லாம் தீராது. கிழமைக்கணக்காகத் தூக்கமில்லை, உண்ணவோ பேசவோ மனமில்லை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது வைத்தியம் தேவைப்படும் வருத்தம். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கட்டணமில்லை. 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். வெட்கம் வேண்டாம்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் மூன்று விடயங்களை முடிவு செய்தால் தொடங்கிவிடலாம்: எந்த நேரம், எந்த ஒழுங்கையால், அந்த அரைமணியில் யாருடைய முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவது. மூன்றாவதை முதலில் பேசுங்கள்.