மசில் கார்களுக்கான நெம்புருள் தண்டுத் தேர்வு

நெம்புருள் தண்டு அல்லது கேம்ஷாஃப்ட் என்பது உள் எரி பொறியின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு ஆகும். நாற்படிச் சுழற்சிப் பொறியில் வணரித்தண்டு இருமுறை சுழலும்போது இது ஒருமுறை சுழலும். இதன் மேடுகளின் வடிவமே எந்த வேகத்தில் பொறி மிகுந்த முறுக்குவிசை தரும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எனவே, பழைய அமெரிக்க மசில் கார்களைத் திறனேற்றுவோர் பலர் இத்தண்டினை மாற்றுகின்றனர். பந்தயத்திற்கு உரிய தண்டினைச் சாலையில் ஓடும் காரில் பொருத்துவது பரவலான தவறு ஆகும்.

== பின்னணி ==
நடுத்தர அளவுக் காரில் பெரிய வி8 பொறியைப் பொருத்தும் வழக்கம் 1964 இல் வெளியான பொன்டியாக் ஜிடிஓ மூலம் அமெரிக்காவில் பரவியது. அதன் பொறி 389 கன அங்குலக் (6.4 லிட்டர்) கொள்ளளவு உடையது. செவ்ரோலெ நிறுவனம் 1955 இல் அறிமுகப்படுத்திய 'சிறு தொகுதி' வி8 பொறியின் 350 கன அங்குல (5.7 லிட்டர்) வடிவம் 1967 இல் கமாரோ காரில் வந்தது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் இப்பொறியைச் சார்ந்தவை.

== அடிப்படை அளவுகள் ==
* '''ஏற்றம்''': வால்வு திறக்கும் உயரம். மேட்டின் உயரத்தை ராக்கர் கையின் விகிதத்தால் பெருக்கினால் இது கிடைக்கும். சிறு தொகுதிப் பொறியில் இவ்விகிதம் 1.5 ஆகும். எனவே 0.300 அங்குல மேடு, வால்வை 0.450 அங்குலம் (11.4 மிமீ) உயர்த்தும்.
* '''திறப்புக் காலம்''': வால்வு திறந்திருக்கும் காலம், வணரித்தண்டின் பாகைகளில். நிறுவனங்கள் இதனை வெவ்வேறு புள்ளிகளிலிருந்து அளப்பதால், டாப்பெட் 0.050 அங்குலம் (1.27 மிமீ) உயர்ந்த நிலையிலிருந்து அளந்த எண்ணையே ஒப்பீட்டிற்குக் கொள்ள வேண்டும்.
* '''மேட்டு இடைக்கோணம்''': உள்ளிழுப்பு, வெளியேற்று மேடுகளின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணம்.
* '''மேற்பொருந்தல்''': இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் காலம். இரு திறப்புக் காலங்களின் சராசரியிலிருந்து இடைக்கோணத்தின் இரு மடங்கைக் கழித்து இதனைப் பெறலாம். திறப்புக் காலம் 268 பாகை, இடைக்கோணம் 110 பாகை எனில் மேற்பொருந்தல் 48 பாகை. இடைக்கோணம் 114 பாகையானால் அது 40 பாகையாகக் குறையும்.

== நீண்ட திறப்புக் காலத்தின் விளைவு ==
பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னரே உள்ளிழுப்பு வால்வு மூடுகிறது. உயர் வேகத்தில், விரைந்து வரும் கலவை தன் நிலைமத்தால் தொடர்ந்து உள்ளே புகுந்து சிலிண்டரை நிரப்பும். குறைந்த வேகத்தில் அவ்வுந்தம் போதாமையால், ஏறும் பிஸ்டன் கலவையின் ஒரு பகுதியைத் திருப்பித் தள்ளிவிடும். மேற்பொருந்தலின்போது எரிந்த வாயுவும் உள்ளிழுப்புக் குழாயினுள் புகுந்து கலவையைக் கெடுக்கும். பெரிய தண்டு உள்ள பொறி நின்ற நிலையில் தடதடவென ஓடுவதற்குக் காரணம் இதுவே. பலர் விரும்பும் அவ்வொலி, தாழ்வேகத்தில் எரிதல் சீராக இல்லை என்பதன் அடையாளம் ஆகும்.

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசை (பவுண்டு-அடி), நிமிடச் சுழற்சி ஆகியவற்றின் பெருக்கத்தை 5,252 ஆல் வகுத்துப் பெறும் எண். ஆகவே உச்சத் திறனை உயர் வேகத்திற்குத் தள்ளும் தண்டு தாளில் பெரிய எண்ணைக் காட்டும். சாலைக் காரோ பெரும்பாலும் 1,500 முதல் 4,000 சுழற்சிகளுக்குள் ஓடுகிறது. அங்கு அதே கார் முன்பைவிட மந்தமாகலாம்.

== தெரிவு செய்யும் முறை ==
350 பொறிக்கு, 0.050 அங்குல அளவில் உள்ளிழுப்புத் திறப்புக் காலம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்:
* 205–215 பாகை: சீரான ஓட்டம்; மாற்றம் செய்யாத தானியங்கிப் பற்சக்கரப் பெட்டிக்கு ஏற்றது.
* 215–225 பாகை: சற்றுத் தடதடப்பு, சாலைப் பயன்பாட்டிற்குப் பெரிதும் பொருந்துவது.
* 225–235 பாகை: உயர்ந்த அமுக்க விகிதமும் 3.73 போன்ற அச்சு விகிதமும் தேவை. தானியங்கி எனில், ஏறத்தாழ 2,500 சுழற்சிகளில் பிடிக்கும் முறுக்கு மாற்றி வேண்டும்.
* 240 பாகைக்கு மேல்: பெரும்பாலும் பந்தயத்திற்கு மட்டும்.

பொறியின் கொள்ளளவு கூடினால் அதே தண்டு மென்மையாக நடந்துகொள்ளும்.

அமுக்க விகிதம் முதலில் அறிய வேண்டியதாகும். தாமதமாக மூடும் வால்வு உண்மையான அமுக்கத்தைக் குறைக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1971 இல் ஈயம் குறைந்த எரிபொருளுக்காகத் தன் பொறிகளின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. எல்டி-1 பொறியில் 11:1 ஆக இருந்த விகிதம் 9:1 ஆனது. இவ்வாறு விகிதம் குறைந்த பொறிகளில் பெரிய தண்டு ஏமாற்றமே தரும்.

கமாரோ இசட்/28 காரின் 302 கன அங்குலப் பொறிக்கு (1967–1969) நீண்ட திறப்புக் காலத் தண்டு தரப்பட்டது. ஆனால் அதனுடன் உயர்ந்த அமுக்க விகிதமும் நான்கு கியர் கைமுறைப் பெட்டியும் சேர்ந்தே வந்தன.

== பாதுகாப்பு ==
* '''நிறுத்தி''': வெற்றிடத்தால் இயங்கும் நிறுத்தி உதவிக்கு ஏறத்தாழ 15 அங்குலப் பாதரச அளவு வெற்றிடம் வேண்டும். பெரிய தண்டு இதனைக் குறைத்தால் மிதியை மிகக் கடினமாக அழுத்த நேரிடும். தனி வெற்றிடப் பம்பு ஒரு தீர்வு ஆகும்.
* '''இடைவெளி''': ஏற்றமும் திறப்புக் காலமும் கூடினால் வால்வு பிஸ்டனில் மோதக்கூடும். உள்ளிழுப்பு வால்வுக்கு 0.080, வெளியேற்று வால்வுக்கு 0.100 அங்குலம் குறைந்தபட்ச இடைவெளியாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.
* '''சுருள்வில்''': தண்டிற்குப் பொருந்தாத பழைய வில் உயர் வேகத்தில் வால்வை மேட்டோடு ஒட்டி நடத்தாது.
* '''எண்ணெய்''': தட்டை டாப்பெட் உள்ள புதிய தண்டினை முதல் 20 முதல் 30 நிமிடங்கள் ஏறத்தாழ 2,000–2,500 சுழற்சிகளில் ஓட்டிப் பழக்க வேண்டும். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாசுபரசுச் சேர்மங்கள் இக்காலச் சாதாரண எண்ணெய்களில் குறைவு. எனவே அவை மிகுந்த எண்ணெய் தேவை. இல்லாவிடில் மேடுகள் சில நிமிடங்களிலேயே தேய்ந்து, இரும்புத் துகள்கள் பொறி முழுதும் பரவும். 1987 முதல் சிறு தொகுதிப் பொறிகளில் வந்த உருளை டாப்பெட்டுகளுக்கு இச்சிக்கல் இல்லை.

== இவற்றையும் பார்க்க ==
* உள் எரி பொறி
* வணரித்தண்டு
* முறுக்குவிசை
* அமுக்க விகிதம்