காந்தம் பிடிக்கும், ஒலி விடுவிக்கும்

போடிநாயக்கனூருக்கு மேலேயுள்ள ஏலமலைகள் ஒரு காலத்தில் ஏலக்காய்க்கு மட்டுமல்ல, குளிர்காய்ச்சலுக்கும் பேர்போனவை. 1895-இல் முடிந்த பெரியாறு அணை வேலையில் காய்ச்சலும் காலராவும் தொழிலாளர் பலரைக் கொண்டுபோயின. அந்தக் குளிர்காய்ச்சல்தான் மலேரியா. அதன் கிருமி நம் இரத்தத்தின் செவ்வணுவுக்குள் ஒளிந்து வாழ்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் செவ்வணுக்கள். நோயின் தொடக்கத்தில் அவற்றுள் ஐம்பதில் மட்டுமே கிருமி இருக்கலாம். அந்த ஐம்பதை எப்படிப் பொறுக்குவது?

கிருமியே ஒரு வழி காட்டிவிடுகிறது! அது ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் இரும்புள்ள பகுதி அதற்கே நஞ்சு. ஆகவே அதைப் பழுப்புநிறப் படிகங்களாக்கி ஒதுக்கி வைக்கிறது. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினைக் காந்தம் இலேசாக விலக்கும் என்று 1936-இல் லைனஸ் பாலிங்கும் கோரியலும் காட்டினர். இப்படிகங்களையோ காந்தம் இழுக்கும். மெல்லிய எஃகு இழைகள் அடைத்த குழாயை வலிய காந்தத்தின் நடுவே வைத்து இரத்தத்தை ஓடவிட்டால், கிருமியுள்ள அணுக்கள் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். 1981-இல் பிரிட்டனில் இதைச் செய்துகாட்டினர். இளங்கிருமியிடம் படிகம் குறைவு, அது தப்பிவிடும். ஆகவே, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கிருமிகளைப் பிரித்து மருந்துகளைச் சோதிக்கவே இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

பிடித்ததை விடுவிப்பது வேறு கதை. காந்தத்தை அகற்றிக் கழுவினாலும் சில அணுக்கள் ஒட்டியே நிற்கும். வேகமாகக் கழுவினால் அணு கிழியும். செத்த கிருமியிடம் மருந்தைச் சோதித்து என்ன பயன்?

இங்கே கேளா ஒலி கைகொடுக்கும். குண்ட் குழாயில் தூள் வரிவரியாகக் குவிவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒலியின் நிலையலை துகள்களை இடம்பெயர்க்கும் என்பதற்கு அது சான்று. நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். வினாடிக்கு 20 லட்சம் அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் முக்கால் மில்லிமீட்டர். அதில் பாதி அகலமுள்ள நுண்ணிய வாய்க்காலில் நிலையலை எழுப்பினால், அழுத்தம் மாறாத கணு சரியாக நடுவில் அமையும். காந்தத்தை அகற்றியதும், சுவரில் ஒட்டிய அணுக்களை ஒலி நடுவே தள்ளும்; மெதுவான ஓட்டமே அவற்றை வெளியே கொண்டுவந்துவிடும்.

எஃகு இழைக் குழாயில் அலை சிதறிவிடும். நேரான வாய்க்கால்தான் வேண்டும். அதிர்வெண்ணிலும் கவனம் தேவை. வினாடிக்கு 20,000 அதிர்வுள்ள வலிய ஒலி நீரில் குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அணுக்களை நொறுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். காந்தத்தையும் ஒலியையும் இப்படி இணைப்பது இன்னும் ஆராய்ச்சிக்கூட வேலைதான்.