சுவடிப் படங்களும் கூர்மைப்படுத்தும் வடிப்பான்களும்

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஓலைச்சுவடிகளும் அழிந்தன. எஞ்சிய சுவடிகளை டிஜிற்றல் படங்களாக்கிப் பேணுவதன் இன்றியமையாமையை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஆயின் படமாக்குதல் வேறு, வாசித்தல் வேறு. இவ்விரண்டுக்குமிடையே கணினியின் கூர்மைப்படுத்தும் வடிப்பான்கள் இடம்பெறுகின்றன. அவை செய்வது யாது, செய்ய இயலாதது யாது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினா.

ஓலையில் எழுத்து எழுத்தாணியாற் கீறப்பட்டு, பின்னர் கரி முதலியன பூசித் தெளிவாக்கப்படுவது. கரி அகன்று ஓலையும் பழுப்பேறிய நிலையில் கீறலுக்கும் ஓலைக்குமிடையிலான ஒளிவேறுபாடு மிகக் குறைந்துவிடுகிறது. படம் முழுவதன் ஒளிவேறுபாட்டையும் ஒருசேர உயர்த்தினால் கறைபடிந்த பகுதி முற்றாக இருண்டும் வெளிறிய பகுதி மேலும் வெளிறியும் போகும். எனவே ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றத்துடன் ஒப்பிட்டுத் திருத்தும் முறை தேவையாகிறது. இதனால் உயர்வதையே இடஞ்சார் ஒளிவேறுபாடு என்கிறோம்.

இம்முறை கணினிக்கு முற்பட்டது. நெகற்றிவ்வின் மங்கலான பொசிற்றிவ் பிரதியொன்றை அதனுடன் சேர்த்துவைத்துப் படமெடுப்பது இருட்டறைத் தொழில்நுட்பமாகும். மென்பொருள்களிலுள்ள ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற பெயர் அம்மங்கற் பிரதியிலிருந்தே வந்தது. 1970களின் பிற்பகுதியில் டேவிட் மாலின் அவுஸ்திரேலியாவில் வானியற் படங்களின் நுண்விவரங்களை இவ்வாறே வெளிக்கொணர்ந்தார்.

கணினி செய்வதும் எளிய கணக்கே. 0 முதல் 255 வரையுள்ள அளவுகோலில் ஓலையின் ஒளி 120, கீறலின் ஒளி 110 எனக் கொள்வோம். மங்கற் பிரதியில் அவ்விடத்துச் சராசரி 118 ஆகும். மூலத்துக்கும் சராசரிக்குமுள்ள வேறுபாட்டிற் பாதியை மூலத்துடன் கூட்டினால் ஓலை 121 ஆகவும் கீறல் 106 ஆகவும் மாறும். வேறுபாடு 10இலிருந்து 15 ஆகிறது.

மங்கலாக்கும் ஆரையே இங்கு முக்கியமானது. ஆரை ஓரிரு பிக்சல்களாயின் விளிம்புகள் மட்டும் கூர்மையடையும். ஏறத்தாழ 50 பிக்சல்களாக ஆரையை விரித்து, வலிமையை 10 முதல் 20 சதவீதத்துக்குள் வைத்தால் எழுத்துவடிவங்கள் பின்னணியிலிருந்து மெல்ல மேலெழும். எனினும் இவை மாறா விதிகளல்ல; படத்தில் ஓர் எழுத்து எத்தனை பிக்சல் அகலங்கொண்டது என்பதைப் பொறுத்தே ஆரையைத் தீர்மானித்தல் வேண்டும்.

இனி எல்லைகளை நோக்குவோம். வடிப்பான் புதிய செய்தி எதனையும் தருவதில்லை. இருக்கும் வேறுபாட்டைப் பெருக்குகிறது. கீறலையும் பூச்சியரித்த துளையையும் ஜேபெக் சுருக்கத்தின் கட்டக் கோடுகளையும் அது பிரித்தறியாது. பழஞ்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அங்ஙனமிருக்க, மிகைப்படுத்தப்பட்ட படத்தில் ஓலையின் கரும்பொட்டொன்று புள்ளியாகத் தோன்றக்கூடும். அதனை நம்பிப் பதிப்பிப்பவர் பாடமொன்றைக் கண்டுபிடிக்கவில்லை; உருவாக்குகிறார்.

ஆகவே திருத்தப்படாத மூலப்படம் என்றும் பேணப்படுதல் வேண்டும். பயன்படுத்திய ஆரையும் வலிமையும் பதிவுசெய்யப்படுதல் வேண்டும். ஐயத்துக்குரிய எழுத்தை வெவ்வேறு அளவுகளில் ஒப்புநோக்குதல் வேண்டும். மூலப்படம் சிலரது கைகளில் முடங்காது வாசகர் எவர்க்கும் எட்டுவதாயின், ஒருவரது வாசிப்பை மற்றொருவர் சோதித்தறிய இயலும். சுவடி வாசிப்பு நம்பிக்கையின்பாற்பட்டதாயன்றி அறிவியலின்பாற்பட்டதாய் அமைவது அப்பொழுதுதான்.