ஜெயித்த பணம் எங்கே போகிறது?

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலக போக்கர் போட்டி பல கோடீஸ்வரர்களை உருவாக்கியிருக்கிறது. அவர்களில் சிலரது கதை பரிசு வாங்கிய பிறகுதான் சூடு பிடிக்கிறது.

1997 மே மாதம். லாஸ் வேகாஸின் பழைய பகுதியான ஃப்ரீமான்ட் தெருவில், வெட்டவெளியில் ஒரு மேஜை. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். மேஜையில் ஒடிசலான ஒரு மனிதர். கண்ணில் நீல நிறக் கண்ணாடி. போதைப் பழக்கத்தால் குலைந்துபோன மூக்கை மறைக்கத்தான் அது. பெயர் ஸ்டூ உங்கர், வயது 43. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்கூட அவர் கையில் இல்லை. கடைசி நேரத்தில் பில்லி பேக்ஸ்டர் என்ற சக ஆட்டக்காரர்தான் கட்டினார். போட்டியில் இறங்கியவர்கள் 312 பேர். ஜெயித்தது உங்கர். பரிசு 10 லட்சம் டாலர்.

பேச்சுப்படி பாதி பேக்ஸ்டருக்குப் போனது. மறு பாதி கரைய அதிக காலம் பிடிக்கவில்லை. 1998 நவம்பரில் அதே ஊரில், மலிவான மோட்டல் ஒன்றின் அறையில் உங்கர் இறந்து கிடந்தார். அறையில் இருந்தது 800 டாலர். இறுதிச் சடங்குக்கு நண்பர்கள் வசூல் செய்ய வேண்டியிருந்தது.

அவர் மூன்று முறை உலக சாம்பியன். ‘வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்’ என்ற இந்தப் போட்டித் தொடர் சீட்டாடுபவர்களுக்கு விம்பிள்டன் மாதிரி. 1970-இல் பென்னி பினியன் என்ற சூதாட்ட விடுதி முதலாளி தன் ஹார்ஸ்ஷூ விடுதியில் ஆரம்பித்து வைத்தார். முதல் ஆண்டு இறுதி ஆட்டம் என்று எதுவும் இல்லை. கூடியிருந்த கில்லாடிகளே ஓட்டுப் போட்டு ஜானி மோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொண்டதாக ஒரு கதை உண்டு. (நம் ஊர்ச் சங்கத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.) மோஸுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக் கோப்பை. அடுத்த ஆண்டு நிஜமான போட்டி நடந்தது. ஆடியவர்கள் ஆறே பேர், வென்றவர் மறுபடி மோஸ். 1972-இல் பிரதான போட்டியின் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர் ஆனது. அரை நூற்றாண்டு கடந்தும் அது மாறவில்லை. அமெரிக்காவில் விலை ஏறாத ஒரே சரக்கு இதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய மர்மமல்ல. ஒவ்வொருவர் கையிலும் கவிழ்த்த இரண்டு சீட்டு. மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவருக்கு வெற்றி. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்துவிடலாம். எதிராளியைக் கவிழ்க்க வைத்துவிட்டால் உங்கள் கையில் இருந்தது என்ன என்று யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. ரம்மியில் மோசமான சீட்டு மோசமானதுதான். இங்கே முகம் சரியாக இருந்தால் போதும்.

உங்கர் முதலில் ரம்மிக்காரர்தான். நியூயார்க்கில் அவரது அப்பா நடத்திய மதுக்கடையில் சூதாட்டமும் நடந்தது. நம் ரம்மிக்கு ஒருவகையில் பங்காளியான ‘ஜின் ரம்மி’யில் இளம் வயதிலேயே அவரை அடிக்க ஆளில்லை. ஒரு கட்டத்தில் அவரோடு ஆட யாரும் உட்காரவே மறுத்தார்கள். ஆள் கிடைக்காமல்தான் போக்கர் பக்கம் வந்தார். 1980-இல் அவர் இறுதியில் தோற்கடித்தது, 1976, 1977 இரண்டு ஆண்டுகளும் சாம்பியனாக இருந்த டாயில் பிரன்சனை. 1981-இல் மீண்டும் பட்டம். சீட்டில் வந்ததெல்லாம் குதிரைப் பந்தயத்திலும் இதர பந்தயங்களிலும் கொக்கேய்னிலும் போனது. 1990 போட்டியின் மூன்றாம் நாள் அவர் நாற்காலி காலியாக இருந்தது. ஆள் ஹோட்டல் அறையில் நினைவிழந்து கிடந்தார். அதற்கு முன் குவித்து வைத்திருந்த சில்லுகள் ஆள் இல்லாமலேயே கட்டாயப் பந்தயமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன. அப்படியும் அவருக்கு ஒன்பதாவது இடமும் 25,050 டாலரும் கிடைத்தன. அத்தனை திறமை.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு முடியாத வழக்கு. பிரதான போட்டியை ஒரு முறைக்கு மேல் வென்றவர்கள் மோஸ், பிரன்சன், உங்கர், ஜானி சான் நான்கு பேர்தான். 1987, 1988 இரண்டு ஆண்டும் வென்ற சான், 1989 இறுதியில் 24 வயது பில் ஹெல்முத்திடம் தோற்றார். ஹெல்முத் அதற்குப் பிறகு பலவகைப் போட்டிகளிலும் வென்று சேர்த்த தங்கக் காப்புகளுடன் 2023-இல் அவர் கணக்கு 17. (கோப்பைக்குப் பதில் காப்பு தரும் வழக்கம் 1976-இல் வந்தது.) ஆனால் பிரதான பட்டம் அவருக்கும் மறுபடி கிடைக்கவில்லை. கூட்டம் பெருகப் பெருக அதிர்ஷ்டத்தின் பங்கும் பெருகுகிறது என்பதே இதற்கு அர்த்தம். பெண்கள் கதை தனி: 1995-இல் பார்பரா என்ரைட் இறுதி மேஜையை எட்டினார். அடுத்த பெண்ணாக ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ் அங்கே உட்கார 2025 ஆயிற்று.

கூட்டம் பெருகியதற்குக் காரணம் 27 வயதுக் கணக்கர் ஒருவர். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயர்தான்) இணையதளம் ஒன்றில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டி மூலம் 2003-இல் லாஸ் வேகாஸுக்கு இடம் பிடித்தார். அதற்கு முன் நேரடிப் போட்டி எதிலும் ஆடியதில்லை. இறுதியில் எதிரே இருந்தவர் சாம் ஃபார்ஹா என்ற பழம் தின்று கொட்டை போட்ட ஆள். கையில் ஒன்றுமே இல்லாத நிலையில் மணிமேக்கர் தன் சில்லுகள் அனைத்தையும் நடுவில் தள்ளினார். ஜோடி ஒன்பது வைத்திருந்த ஃபார்ஹா நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். 25 லட்சம் டாலர் கைமாறிய தருணம் அதுதான். கவிழ்த்த சீட்டையும் காட்டும் கேமரா மேஜையில் இருந்ததால் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அந்தப் பொய் முழுதாகத் தெரிந்தது. ‘இவ்வளவுதானா, நானும் ஆடலாமே’ என்று பார்த்தவர்களில் பாதிப்பேர் நினைத்திருக்க வேண்டும். 2003-இல் 839 பேர் ஆடிய போட்டியில் அடுத்த ஆண்டு 2,576 பேர். 2006-இல் 8,773 பேர்.

இந்த எண்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். பரிசுப் பணம் ஆடுபவர்களின் சொந்தப் பணம். 2024-இல் 10,112 பேர் தலைக்கு 10,000 டாலர் கட்டினார்கள். நம் கணக்கில் எட்டரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அதில் 7 சதவீதம், அதாவது 70 லட்சம் டாலருக்கு மேல், நடத்துபவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மீதி 1,517 பேருக்குப் பிரிந்தது. முதல் பரிசு ஒரு கோடி டாலர். வெறுங்கையோடு திரும்பியவர்கள் 8,595 பேர். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். அவர்கூட இந்த 7 சதவீதத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஜெயித்தவர்களுக்கும் நிம்மதி உத்தரவாதமில்லை. 2006 சாம்பியன் ஜேமி கோல்டின் 1.2 கோடி டாலரில் பாதி தனக்குத் தருவதாக வாக்களிக்கப்பட்டது என்று ஒருவர் நீதிமன்றம் போனார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. கோல்ட் வென்ற காப்பு 2013-இல் ஏலத்துக்கு வந்தது. 2008-இல் 22 வயதில் வென்ற டென்மார்க்கின் பீட்டர் ஈஸ்ட்கேட் இரண்டே ஆண்டில் ஆட்டத்தை விட்டு விலகினார். காப்பை ஏலத்தில் விற்றுப் பணத்தை யுனிசெஃபுக்குக் கொடுத்தார். 2014-இல் பத்து லட்சம் டாலர் கட்டணப் போட்டியில் 1.53 கோடி டாலர் வென்ற டான் கோல்மன் பேட்டி கொடுக்கவே மறுத்துவிட்டார். தோற்பவர்களின் வாழ்க்கையை நாசமாக்கும் ஆட்டத்துக்குத் தான் விளம்பரம் செய்ய விரும்பவில்லை என்பது அவர் பின்னர் சொன்ன காரணம்.

கோல்மன் மனசாட்சியோடு பேசினார் என்றால், 2000-ஆம் ஆண்டின் சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசனின் பெயர் அரசு வழக்கில் அடிபட்டது. அவர் இயக்குநர்களில் ஒருவராக இருந்த ‘ஃபுல் டில்ட்’ இணையதளம் 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நடவடிக்கையில் முடங்கியது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய 39 கோடி டாலருக்கு வங்கியில் இருந்தது 6 கோடிதான் என்றும், உரிமையாளர்களும் இயக்குநர்களும் 44 கோடிக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்றும் அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது. வழக்கை நடத்தியவர் பஞ்சாபில் பிறந்த பிரீத் பராரா. ஃபெர்குசன் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 2013-இல் சமரசம் செய்துகொண்டார். தளத்தை வாங்கிய போட்டி நிறுவனத்தின் பணத்தில்தான் ஆட்டக்காரர்களுக்குப் பாக்கி திரும்பக் கிடைத்தது. அமெரிக்கர்கள் 2014 வரை காத்திருந்தார்கள். 2016-இல் ஃபெர்குசன் மேஜைக்குத் திரும்பினார். மறு ஆண்டு தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே.

இந்தியர்களும் காப்பு அணிந்திருக்கிறார்கள். 2017-இல் ஆதித்ய சுஷாந்த், நிபுண் ஜாவா ஜோடி அணிப் போட்டியில் வென்றது. 2019-இல் அபினவ் ஐயர் 5,65,346 டாலர் பெற்றார். 2024-இல் இரண்டரை லட்சம் டாலர் கட்டணப் போட்டியில் சந்தோஷ் சுவர்ணா வென்றது 54 லட்சம் டாலர். இங்கே பலர் போக்கர் பழகியது மணிமேக்கரைப் போலக் கணினியிலும் செல்போனிலும்தான். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. சட்டம் சுட்டுவது இணைய ஆட்டத்தைத்தான். விசாவும் 10,000 டாலரும் உள்ளவர்களுக்கு லாஸ் வேகாஸ் மேஜையில் நாற்காலி இருக்கிறது.