மின்னணுக் கழிவும் சுழற்சிப் பொருளாதாரமும்: பயனாளரின் உரிமைகள்

இயற்கை வளத்தைத் தோண்டியெடுத்து, பொருளாக்கி, பயன்படுத்தி, எறிந்துவிடும் வழக்கத்துக்கு மாற்றாக, ஒரு பொருளை இயன்றவரை நெடுங்காலம் பயன்பாட்டில் வைத்திருந்து, பழுதுபார்த்து, புதுப்பித்து, இனி முடியாது என்ற நிலையில் மட்டும் மூலப்பொருளாகப் பிரித்தெடுக்கும் முறை சுழற்சிப் பொருளாதாரம் எனப்படுகிறது. அதன் நன்மையும் இடரும் ஒருங்கே புலப்படும் இடம் மின்னணுக் கழிவு. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே.

எஞ்சியதில் செம்பு, வெள்ளி, தங்கம் போன்றவை பெருமளவில் வீணாகின்றன. டோக்கியோ ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகளின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களுக்கான உலோகம் முழுவதும் ஜப்பானிய மக்கள் அளித்த பழைய கைபேசிகளிலிருந்தும் சிறு கருவிகளிலிருந்தும் எடுக்கப்பட்டது; அதில் தங்கம் மட்டும் சுமார் 32 கிலோ. இவ்வாறு மீட்கப்படும் ஒவ்வொரு கிலோவும் சுரங்கத்தின் தேவையைக் குறைக்கிறது. ஆயினும் உலோகத்தைப் பிரிப்பதைவிடக் கருவியின் ஆயுளை நீட்டிப்பதே மேலானது. கருவியை உருவாக்கச் செலவான ஆற்றலும் உழைப்பும் உருக்கும் உலையில் மீள்வதில்லை.

இந்தியாவில் சுழற்சி புதிதன்று. வீடுதோறும் பழையதை வாங்கிச் செல்பவரும் காயலான் கடைக்காரரும் பல காலமாக அதைச் செய்துவருகின்றனர். ஆனால் அச்சங்கிலியின் கடைசிக் கண்ணியான தில்லியின் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் போன்ற இடங்களில், செம்புக்காகக் கம்பிகள் எரிக்கப்படும்போது அவற்றின் பிவிசி உறையிலிருந்து டையாக்சின் என்னும் கொடிய நச்சு வெளிப்படுகிறது. மின்சுற்றுப் பலகைகள் அமிலத்தில் ஊறவைக்கப்பட்டு, மிஞ்சிய அமிலம் மண்ணிலும் வடிகாலிலும் கலக்கிறது. இப்பலகைகளில் உள்ள ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது நிரந்தரமாகப் பாதிக்கிறது. உலோகத்தின் ஆதாயம் மேலே செல்ல, நஞ்சு ஏழைத் தொழிலாளியின் உடலில் தங்கும் சுழற்சியை நன்மை எனக் கொள்ள இயலாது.

இந்த அநீதியைத் திருத்தும் நோக்குடையது ‘உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு’ என்னும் கோட்பாடு. விற்பனையோடு நிறுவனத்தின் கடமை முடிவதில்லை, பொருள் கழிவானபின் அதைக் கையாளும் செலவும் அதனுடையதே என்பது இதன் பொருள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, நூற்றுக்கும் மேற்பட்ட வகைக் கருவிகளுக்கு இதை விரித்துள்ளன. மறுசுழற்சி இலக்கு முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு 60 விழுக்காடாகவும், அடுத்த இரண்டுக்கு 70 ஆகவும், 2027-28 முதல் 80 ஆகவும் உயர்கிறது. மறுசுழற்சி செய்வோரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எனவே பழைய கருவியைக் கொடுக்குமுன் பதிவுச் சான்றைக் கேட்பது முற்றிலும் நியாயமானது. பெருமளவில் கருவிகளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்றவரிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டக் கடமை.

கவனிக்கப்படாத இடர்கள் இரண்டு உண்டு. அழித்த கோப்புகளை மீட்டெடுக்க முடியும் என்பதால், கணக்குகளிலிருந்து வெளியேறி, கருவியைத் தொடக்கநிலைக்கு மீட்டமைத்த பின்னரே கைமாற்ற வேண்டும். வீங்கிய லித்தியம் பேட்டரியை வீட்டுக் குப்பையில் போட்டால், நசுங்கும் இடத்தில் தீப்பற்றக்கூடும்.

பழுதுபார்க்கும் உரிமை இந்தியாவில் இன்னும் தனிச் சட்டமாகவில்லை என்பது பெருங்குறை. பிரான்ஸ் 2021 முதல் சில கருவிகளுக்குப் பழுதுபார்ப்பு எளிமைக் குறியீட்டைக் கட்டாயமாக்கியுள்ள நிலையில், இங்கு 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட அரசு இணையதளம் நிறுவனங்களின் பழுதுபார்ப்பு விவரங்களைத் தொகுத்தளிப்பதோடு நிற்கிறது. எனினும் உத்தரவாதக் காலத்தில் பழுதுநீக்க மறுப்பது போன்ற சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தீர்வளிக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிடில், வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் கட்டணமில்லை.

குடியிருப்புக்கு அருகே கம்பி எரிப்பதோ அமிலம் கொட்டுவதோ நிகழ்ந்தால், தேதியிட்ட படங்களுடன் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் அளித்து, ஒப்புகையைப் பெற்று வைக்க வேண்டும். அங்கு பயனில்லையெனில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உண்டு; அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. சுற்றுச்சூழல் தகராறை ஆறு மாதங்களுக்குள்ளும், பாதிப்புக்கான இழப்பீட்டுக் கோரிக்கையை ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் அங்கு முன்வைக்க வேண்டும். புகாரின் இலக்கு கூலிக்கு எரிப்பவராக இருத்தல் கூடாது. 2022 விதிகள் மறுசுழற்சிக்கென இடம் ஒதுக்குவதையும், தொழிலாளர்களுக்குத் திறன்பயிற்சியும் உடல்நலப் பாதுகாப்பும் அளிப்பதையும் மாநில அரசின் பொறுப்பாக்கியுள்ளதால், அவற்றை நிறைவேற்றுமாறு கோருவதும் அதே மனுவில் இடம்பெற வேண்டும்.