மன்னிப்பது என்றால் மறந்துவிடுவதா? இறையருளும் ஒப்புரவும்: ஒரு விளக்கம்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து சென்றால், சில நிமிட நடைக்குள்ளேயே பல தேவாலயங்களைக் கடந்துவிடலாம். ஜாலான் அப்துல் சமாட்டில் லூத்தரன் திருச்சபையின் சீயோன் பேராலயம், தமிழ்க் கத்தோலிக்கர்கள் கூடும் பாத்திமா அன்னை ஆலயம், ஜாலான் துன் சம்பந்தனில் ஜெபமாலை அன்னை ஆலயம் என்று வரிசை நீளும். ரயில்வே வேலைக்காகத் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து இங்குள்ள குவார்ட்டர்ஸ்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த ஆலயங்களுக்கு வருகிறார்கள்.

எந்தச் சபையாக இருந்தாலும் அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தை உண்டு. "கடவுளே உன்னை மன்னித்துவிட்டார், நீ ஏன் அவரை மன்னிக்கக் கூடாது?" என்பதுதான் அது. அண்ணன் தம்பி வீட்டுப் பாகப்பிரிவினைச் சண்டையிலும், கணவன் மனைவி பிணக்கிலும், சபைக் கணக்கு வழக்குத் தகராறிலும் இதைச் சொல்லித்தான் பேச்சை முடித்து வைப்பார்கள். சிலருக்கு அது ஆறுதல். வேறு சிலருக்கோ வாயை அடைக்கும் பூட்டு. கிறிஸ்தவ நம்பிக்கை மன்னிப்பைப் பற்றி உண்மையில் என்ன போதிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அருள் என்பது கூலி அல்ல

பழைய தமிழ் வேதாகமத்தில் 'கிருபை' என்று இருக்கும் சொல், 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'அருள்' என்று இடம்பெறுகிறது. தகுதி பார்க்காமல் இறைவன் தரும் அன்பு என்பதே இரண்டுக்கும் பொருள். செய்த வேலைக்குக் கொடுப்பது சம்பளம். கேட்காதபோதும், தகுதி இல்லாதபோதும் கிடைப்பது அருள். 'திருவருள்' என்று கேட்டுப் பழகிய சைவக் குடும்பத்தாருக்கும் இந்தச் சொல் அந்நியமானதல்ல.

இந்த அருளைப் புரிந்துகொள்வதில்தான் 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தரும் கத்தோலிக்கத் திருச்சபையும் முரண்பட்டனர். சுமார் நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1999 அக்டோபர் 31ஆம் தேதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு தரப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் இறைவனால் ஏற்றுக்கொள்ளப்படுவது தங்கள் நற்செயலின் பலனாக அல்ல, அருளினாலேயே என்றும், அந்த அருளைப் பெற்றவர் நற்செயல் செய்ய அழைக்கப்படுகிறார் என்றும் அதில் ஒப்புக்கொண்டன. 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதனுடன் இணைந்தது. பிரிந்தவர்கள் ஒன்றுகூட எத்தனை காலம் ஆகலாம் என்பதற்கு இதுவே நல்ல சான்று.

இரண்டு கடன்களின் கணக்கு

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் கதை பலருக்குத் தெரிந்ததே. அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஒரு பணியாளன் முழுக் கடனும் தள்ளுபடி பெறுகிறான். வெளியே வந்ததும், தன்னிடம் 100 தெனாரியம் கடன் வாங்கிய சக பணியாளனின் கழுத்தைப் பிடித்து நெரித்து, அவனைச் சிறையில் போடுகிறான்.

இந்தத் தொகைகளை நம் நாட்டுக் கணக்கில் பார்த்தால் கதையின் ஆழம் விளங்கும். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 வேலை நாள்களுக்கு வகுத்தால், ஒரு நாளுக்குச் சுமார் 65 ரிங்கிட் வரும். அப்படியானால் 100 தெனாரியம் என்பது சுமார் 6,500 ரிங்கிட். 10,000 தாலந்து என்பதோ கிட்டத்தட்ட 390 கோடி ரிங்கிட். ஒரு கூலித் தொழிலாளி ஒரு லட்சம் ஆண்டுகள் உழைத்தாலும் அடைக்க முடியாத கடன் அது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 6,500 ரிங்கிட்டும் சிறிய தொகை அல்ல. நான்கு மாதச் சம்பளத்தை இழந்தவனுக்கு வலிக்கத்தான் செய்யும். பிறர் நமக்குச் செய்த தீங்கு ஒன்றுமில்லை என்று இந்தக் கதை சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான் என்று ஏற்றுக்கொண்டு, அதைவிடப் பெரிய தள்ளுபடியைப் பெற்றவன் நீ என்பதை மறக்காதே என்று சொல்கிறது.

மன்னிப்பு இருவர் விவகாரம் மட்டுமல்ல

அதே கதையில், சிறையில் தள்ளப்பட்டவனுக்காக அரசனிடம் போய் முறையிடுவது யார்? மற்றப் பணியாளர்கள். கண்ணெதிரே நடந்த அநியாயத்தை அவர்கள் 'நமக்கு எதற்கு வம்பு' என்று விட்டுவிடவில்லை.

இந்தக் கதைக்கு முன்னால், அதே அதிகாரத்தில், தவறு செய்தவரை எப்படி அணுகுவது என்ற நடைமுறையும் இருக்கிறது. முதலில் பாதிக்கப்பட்டவர் தவறு செய்தவரைத் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிருவரைச் சாட்சியாக அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் சபையிடம் சொல்ல வேண்டும். ஆக, தவறைப் பேசாமல் மூடி மறைப்பதை மன்னிப்பு என்று வேதாகமம் சொல்லவில்லை. தவறைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகே மன்னிப்பு தொடங்குகிறது.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் பாவமன்னிப்புக்கான அருட்சாதனத்தை 'ஒப்புரவு' என்று அழைக்கிறார்கள். திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஊரோடு ஒத்து, பிறருக்கு உதவி வாழும் கடமையை அது பேசுகிறது. இறைவனோடு சமாதானம் ஆவதையும் ஊரோடு இணைந்து வாழ்வதையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பது தமிழின் பேறு.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் காட்டிய வழி

இதையெல்லாம் வாழ்ந்து காட்டியவர்களில் ஒருவர் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ். அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். ஒடிசா மாநிலத்தின் பாரிபடாவில் தொழுநோயாளிகளிடையே பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1999 ஜனவரி 22ஆம் தேதி நள்ளிரவில், மனோகர்பூர் கிராமத்தில் வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரும், மகன்கள் பிலிப், திமோத்தி இருவரும் ஒரு கும்பலால் தீ வைத்துக் கொல்லப்பட்டனர்.

கொலையாளிகளை மன்னிப்பதாகக் கிளாடிஸ் அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் அவர் சொன்னதன் மறுபக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். தம்முடைய மன்னிப்பு வேறு, சட்டத்தின் நடவடிக்கை வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வழக்கு தொடர்ந்து நடந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனை 2005இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கிளாடிஸ் உடனே ஊர் திரும்பிவிடவில்லை. மகள் எஸ்தருடன் பாரிபடாவிலேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான பணியை 2004 வரை தொடர்ந்தார். இந்திய அரசு 2005இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வெறுப்பை விட்டுவிட்டு அதே மக்களுக்குத் தொண்டு செய்ததுதான் அவருடைய மன்னிப்பின் முழு வடிவம்.

எது மன்னிப்பு அல்ல?

வீட்டில் அடி உதை வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா, மன்னிப்பதுதான் கிறிஸ்தவம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது மன்னிப்பு அல்ல. அது ஆபத்துக்குள் தள்ளுவது. மனதில் வஞ்சம் வைக்காமலிருப்பது வேறு, உயிருக்குப் பாதுகாப்பில்லாத வீட்டில் தொடர்ந்து இருப்பது வேறு. குடும்ப வன்முறைக்கு எதிராக நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாலியான் காசே 15999 எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். போலீசில் புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

அதேபோல, எடுத்த பணத்தைத் திருப்பித் தராமல் "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று முன்வரிசையில் வந்து உட்காருவதும் மன்னிப்பைப் பெற்றதற்கு அடையாளமல்ல. லூக்கா நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவர் சகேயு, இயேசு தம் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தார்? ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லார் முன்னிலையிலும் வாக்களித்தார். அருள் முதலில் வந்தது. ஈடு செய்தல் அதைத் தொடர்ந்து வந்தது. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய லூத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர், மனமாற்றம் இல்லாமல் எதிர்பார்க்கப்படும் மன்னிப்பை 'மலிவான அருள்' என்று கண்டித்தார்.

ஒரே பந்தியில் அமர்வது

நமக்கே உரிய ஒரு சோதனையும் உண்டு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, திருவிருந்திலும் கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூர் உள்ளிட்ட இடங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். சிலர் சபையை விட்டே விலகினார்கள். இறைவனின் மன்னிப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவரை ஏற்றுக்கொள்வது அவ்வளவு கடினமாக இருந்தது. அந்தத் தயக்கத்தில் கொஞ்சம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது என்பதைத் திருமணப் பேச்சு நடக்கும் வீடுகள் இன்றும் அறியும்.

பல இனத்தவரும் பல சமயத்தவரும் நெருக்கமாக வாழும் பிரிக்பீல்ட்ஸ் போன்ற வட்டாரத்தில் பகையோடு ஒளிந்து வாழ முடியாது. பேசாமல் இருப்பவரையே மார்க்கெட்டிலும் எல்.ஆர்.டி. நிலையத்திலும் மறுபடி மறுபடி சந்திக்க நேரிடும். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு சமாதானமாகு என்று இயேசு போதித்தார். இதில் முதல் அடி எடுத்து வைக்க வேண்டியவர் தவறு செய்தவர்.

எனவே, தவறிழைத்தவர் நாமானால் மன்னிப்பு வருமென்று காத்திராமல் போய்க் கேட்போம், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்போம். பாதிக்கப்பட்டவர் நாமானால், நடந்ததைத் தயங்காமல் சொல்வோம், நீதியைக் கேட்போம், வஞ்சத்தை மட்டும் இறக்கி வைப்போம். அதற்கு ஒரு நாள் போதாமல் பல ஆண்டுகள் ஆனாலும் அது குற்றமல்ல. இருவருக்கும் அருகில் இருப்பவர்கள் நாமானால், அவசரப்படுத்தாமல் இருவரோடும் துணை நிற்போம்.